மாநாடு கூடிக் கலைகிறது, என் மிளகு விலைக்கு யார் பொறுப்பு?

நாகலூர் மிளகுக்கொடி | 26 அக்டோபர் 2025, இரவு 8:40

ஞாயிற்றுக்கிழமை, மழை, தோட்டத்தில் ஆள் இல்லை. மத்தியானம் முழுக்க டிவிதான். கோலாலம்பூரில் நடக்கும், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் உச்சி மாநாட்டைக் காட்டினார்கள். தலைவர்கள் வரிசையாக நின்று, கைகளைக் குறுக்கே போட்டு, இரண்டு பக்கத்து ஆட்களின் கையையும் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கும்மியடிக்கப் போகிறார்கள் என்று என் அம்மா நினைத்துவிட்டார். கிழக்குத் திமோர் 11-வது உறுப்பினராகச் சேர்ந்தது. அமெரிக்க அதிபர் வந்திருந்தார். நம் பிரதமர் காணொலியில் பேசினார். அப்புறம் கரண்ட் போய்விட்டது.

எனக்கு ஆறு ஏக்கர். காப்பிதான் முதல். நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கில் மிளகு ஏற்றியிருக்கிறேன். பத்து வருஷம் முன்னால் கிலோ 700 ரூபாய்க்குக் கொடுத்தேன். மகளின் கல்லூரிச் செலவு அந்த மிளகில்தான் ஓடியது. 2018-ல் அதே மிளகு 400-க்குக் கீழே போனது. சேலம் இறங்கி மண்டியில் கேட்டால், "வியட்நாம் மிளகு இலங்கை வழியா வருதுங்க" என்றார்கள். வியட்நாம் ஆசியானில் இருக்கிறது, இலங்கை தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கில் இருக்கிறது. இரண்டு பக்கமும் தலைவர்கள் கூடித்தான் வரியைக் குறைத்தார்கள் என்கிறார்கள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இப்படி வருஷா வருஷம் கூடுகிறார்களே, அங்கே நிஜமாகவே ஏதாவது முடிவாகிறதா? இல்லை போட்டோவுக்குத்தானா? போட்டோவுக்கு என்றால் என் விலை எப்படி விழுந்தது?

ஓமலூரான் | 8:52

போட்டோவுக்குத்தான். அடுத்த கேள்வி.

ஐந்துரோடு தம்பி | 9:15

அண்ணா, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதால் ஆசியான் கொஞ்சம் மனப்பாடம். 1967 ஆகஸ்ட் 8-ல் பாங்காக்கில் ஐந்து நாடுகள் சேர்ந்து ஆரம்பித்தன. ஆனால் தலைவர்கள் முதன்முதலாகக் கூடியது 1976-ல், பாலியில். ஒன்பது வருஷம் வெளியுறவு அமைச்சர்களை வைத்தே ஓட்டியிருக்கிறார்கள்! இரண்டாவது கூட்டம் 1977, மூன்றாவது 1987. நடுவில் பத்து வருஷம் ஒன்றுமே இல்லை. 2008-ல் சாசனம் அமலுக்கு வந்த பிறகுதான் வருஷத்துக்கு இரண்டு முறை கட்டாயம் என்று ஆனது.

கிழக்குத் திமோர் 2011-ல் விண்ணப்பம் போட்டது. 14 வருஷம் காத்திருந்து இன்றைக்குத்தான் நாற்காலி கிடைத்தது. அந்த நாட்டு மக்கள்தொகை சுமார் 14 லட்சம். நம் சேலம் மாவட்டம் 2011 கணக்கிலேயே 34.8 லட்சம்.

ஓமலூரான் | 9:21

அப்படியென்றால் நமக்கு இரண்டு நாற்காலி தர வேண்டும். ஒன்று ஓமலூருக்கு.

குகை வாத்தியார் | 10:30

தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'உச்சி' என்ற பேச்சை இதற்குக் கொண்டுவந்தவர் சர்ச்சில். 1950-ல் எடின்பரோவில் ஒரு தேர்தல் கூட்டத்தில், சோவியத்தோடு 'உச்சியில்' பேச வேண்டும் என்றார். சொல் ஒட்டிக்கொண்டது. அப்புறம் அந்த உச்சிக்கு மூட்டை தூக்கிக்கொண்டு முன்னால் ஏறுகிற அதிகாரிக்கு, இமயமலையில் மூட்டை சுமப்பவர்களைப் போல 'ஷெர்பா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஜி-7, ஜி-20 கூட்டங்களில் அது கேலிப்பெயர் இல்லை, உண்மையான பதவிப்பெயர்.

2023 டெல்லி ஜி-20 ஞாபகம் இருக்கும். நம் ஷெர்பா அமிதாப் காந்த். உக்ரைன் போர் பற்றிய பத்திகளுக்கு மட்டும் 200 மணி நேரத்துக்கு மேல் பேச்சு, 300 இருதரப்புச் சந்திப்பு, 15 வரைவு ஆனதாக அவரே அறிவித்தார். செப்டம்பர் 9-ம் தேதி, மாநாட்டின் முதல் நாளே கூட்டறிக்கை ஏற்கப்பட்டது. தலைவர்கள் மேசைக்கு வந்தபோது தாளில் திருத்த எதுவும் மிச்சமில்லை. டிவியில் நீங்கள் பார்த்தது சமைத்து முடித்த பிறகு இலை போடுகிற காட்சி.

அதனால் போட்டோவுக்குத்தான் என்று ஓமலூர்க்காரர் சொல்வதில் பாதி சரி. ஆனால் அந்த இலை போடுகிற நேரம் குறிக்கப்படாமல் இருந்தால் அடுப்பே பற்றியிருக்காது.

ஓமலூரான் | 10:41

வாத்தியாரே, அதிகாரிகளே எல்லாம் முடிக்கிறார்கள் என்றால் தலைவர் எதற்கு விமானம் ஏற வேண்டும்? மின்னஞ்சலில் கையெழுத்துப் போட்டு அனுப்பக் கூடாதா?

வெள்ளிக்கொலுசு | 27 அக்டோபர், காலை 6:50

எங்களுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. வாத்தியார் ஐயா சொன்னது எனக்கு உடனே புரிந்தது. கொலுசு ஒரே ஆள் செய்வதில்லை. கம்பி இழுப்பவர் வேறு, பொடி வைப்பவர் வேறு, மெருகு போடுபவர் வேறு. சும்மா "சீக்கிரம் கொடுங்க" என்றால் ஒருவர் வேலையும் நகராது. தீபாவளி 20-ம் தேதி என்று நாள்காட்டியில் இருப்பதால்தான் 18-ம் தேதி ராத்திரி இரண்டு மணிக்கு எல்லாம் ஒன்று சேர்ந்தது. பண்டிகையைத் தள்ளிப்போட முடியாது பாருங்கள்.

மின்னஞ்சலுக்குத் தேதி கிடையாது, ஓமலூர் அண்ணா.

குகை வாத்தியார் | காலை 7:30

அம்மா, என் முப்பது வருஷ வகுப்பில் இவ்வளவு சுருக்கமாக நான் சொன்னதில்லை.

இன்னொரு வகையும் இருக்கிறது. எல்லா மாநாடும் முன்கூட்டியே சமைத்தது இல்லை. பெரும்பாலும் பிரிட்டன் ஆண்ட நாடுகளின் சங்கமான காமன்வெல்த்தில் ஒரு நல்ல வழக்கம், 1973 ஒட்டாவா மாநாட்டிலிருந்து தொடங்கியது. இரண்டு நாள் தலைவர்களை மட்டும் எங்காவது ஒதுக்குப்புறமாக அழைத்துப் போய்விடுவார்கள். அதிகாரிகள் உள்ளே வரக் கூடாது, எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. 1977-ல் லண்டன் மாநாட்டின் நடுவே ஸ்காட்லாந்தில் கிளெனீகிள்ஸ் என்ற ஓட்டலில் அப்படித் தங்கினார்கள். தென்னாப்பிரிக்காவின் இனவெறி ஆட்சியோடு விளையாட்டு உறவை ஊக்குவிப்பதில்லை என்ற உடன்பாடு அந்த வார இறுதியில்தான் பிறந்தது. நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்கா போய் விளையாடிய விவகாரத்தால் அதற்கு முந்தைய வருஷம் மான்ட்ரியல் ஒலிம்பிக்கை இருபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பெரும்பாலும் ஆப்பிரிக்க நாடுகள், புறக்கணித்திருந்தன. அந்தக் கசப்பை அதிகாரிகளின் 15 வரைவுகள் தீர்த்திருக்குமா என்பது சந்தேகம்.

1983-ல் காமன்வெல்த் மாநாடு டெல்லிக்கு வந்தது. இந்திரா காந்தி தலைமை. தலைவர்கள் தனியே ஒதுங்கியது கோவாவில். ஏற்காட்டை யாரும் நினைக்கவில்லை.

ஐந்துரோடு தம்பி | காலை 7:44

40 தலைவர்கள், ஆளுக்குப் பத்து கார், 20 கொண்டை ஊசி. முதல் கார் ஏரிக்குப் போய்ச் சேரும்போது கடைசிக் கார் கோரிமேட்டில் நிற்கும் ஐயா.

லீபஜார் தராசு | காலை 11:05

மிளகுக்கொடி அண்ணா கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் சரக்கு வாங்கி விற்கிறவன். எனக்குத் தெரிந்த கணக்கு இது.

மிளகு இறக்குமதிக்குப் பொது வரி 70 சதவீதம். ஆசியானோடு இந்தியா 2009 ஆகஸ்டில் சரக்கு ஒப்பந்தம் போட்டது, 2010 ஜனவரி 1 முதல் அமல். அதில் காப்பி, தேயிலை, மிளகு, பாமாயில் எல்லாம் 'சிறப்புப் பொருள்' பட்டியல். மற்றவை போல வரி சுழியமாகாது, மெதுவாகக் குறையும். மிளகுக்கு 70-லிருந்து 2019 கடைசிக்குள் 50, காப்பிக்கு 100-லிருந்து 45. ஆக, வியட்நாமிலிருந்து நேரே கொண்டுவந்தால் 50 சதவீதம் கட்ட வேண்டும்.

இலங்கைக் கதை வேறு. சாப்டா என்கிற தெற்காசிய ஒப்பந்தப்படி இலங்கை மிளகுக்கு 8 சதவீதம்தான். இந்தியா–இலங்கை தனி ஒப்பந்தத்தில் ஒரு அளவு வரை வரியே இல்லை. அங்கே விளைந்த மிளகு என்று ஒரு ஆரிஜின் சர்டிபிகேட் இருந்தால் போதும். 50-க்கும் 8-க்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி பாருங்கள். வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கிச் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறது என்று விவசாயிகள் சங்கங்கள் கத்தியது அதனால்தான். 2017 டிசம்பரில் மத்திய அரசு, கிலோ 500 ரூபாய்க்குக் கீழே விலை போட்டு மிளகு இறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதற்குப் பிறகும் விலை உடனே எழவில்லை, அது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். வியட்நாம்காரன் ஒரு ஏக்கரில் எடுப்பது நம் மலையில் எடுப்பதைப் போலப் பல மடங்கு. முழு விலைச் சரிவையும் மாநாட்டின் தலையில் கட்ட முடியாது.

நாகலூர் மிளகுக்கொடி | மதியம் 1:20

தராசு, கோபம் இல்லை. அவன் கான்கிரீட் தூணில் ஏற்றி உரத்தைக் கொட்டி வளர்க்கிறான். நம்முடையது மர நிழலில் தானாக வருகிற கொடி. அது இருக்கட்டும். அந்த 8 சதவீதத்தை எழுதியது எங்கே, யார்?

ஐந்துரோடு தம்பி | மதியம் 1:38

2004 ஜனவரி, இஸ்லாமாபாத், 12-வது சார்க் உச்சி மாநாடு அண்ணா. சாப்டா ஒப்பந்தத்தில் அங்கேதான் கையெழுத்தானது. 2006 ஜனவரி 1 முதல் அமல். வரி விவரமெல்லாம் அதற்குப் பிறகு அதிகாரிகள் வருஷக்கணக்கில் உட்கார்ந்து குறைத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மாநாட்டை உலகம் ஞாபகம் வைத்திருப்பது வாஜ்பாயும் பாகிஸ்தான் அதிபர் முஷாரஃபும் தனியாகச் சந்தித்ததற்காக. மிளகுக்காக யாரும் ஞாபகம் வைத்ததாகத் தெரியவில்லை.

நாகலூர் மிளகுக்கொடி | மதியம் 1:45

சரி, இந்த விதி எங்களைக் கெடுக்கிறது, கொஞ்சம் பாருங்கள் என்று அடுத்த சார்க் மாநாட்டில் யாராவது எடுத்துச் சொல்லலாம் இல்லையா? எப்போது அடுத்தது?

ஐந்துரோடு தம்பி | மதியம் 1:51

கடைசியாக நடந்தது 2014 நவம்பர், காத்மாண்டு, 18-வது. 19-வது 2016-ல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது. காஷ்மீரின் உரி ராணுவ முகாம் மீது நடந்த தாக்குதலுக்குப் பிறகு இந்தியா வரவில்லை என்றது, வங்கதேசம், ஆப்கானிஸ்தான், பூட்டானும் பின்வாங்கின. அதோடு சரி. சாசனத்தில் தலைவர்கள் வருஷம் ஒரு முறை கூட வேண்டும் என்றுதான் இருக்கிறது. 11 வருஷமாகக் கூடவில்லை.

நாகலூர் மிளகுக்கொடி | மதியம் 2:10

இது எனக்கு இதுவரை தெரியாது. எழுதிய ஆட்கள் கூடுவதை நிறுத்திவிட்டார்கள். எழுதியது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. பஞ்சாயத்து கலைந்துவிட்டது, தீர்ப்பு மட்டும் என் தோட்டத்தில் நிற்கிறது.

போட்டோவுக்காகக் கூடுகிறார்கள் என்று நேற்று எரிச்சல்பட்டேன். இன்றைக்கு, அந்தப் போட்டோவாவது எடுத்துத் தொலைத்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

மேட்டூரான் | மாலை 6:15

சார்க் என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். இங்கே பலர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள்.

1986 நவம்பர் 16, 17. பெங்களூருவில் இரண்டாவது சார்க் மாநாடு. எனக்குப் பதினேழு வயது. எங்கள் கொளத்தூர்ப் பக்கம் அந்தக் காலத்தில் ஈழத்துப் பிள்ளைகளின் பயிற்சி முகாம் இருந்தது ஊருக்கே தெரியும். மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்னால் தமிழ்நாடு முழுக்கப் போலீஸ் இறங்கி இயக்கத்துக்காரர்களின் ஆயுதங்களைப் பிடுங்கியது. இலங்கை அதிபர் ஜெயவர்த்தனா பக்கத்து மாநிலத்துக்கு வருகிறார், ஒன்றும் நடந்துவிடக் கூடாது. டீக்கடையில் அதுவரை சார்க் என்ற பேரைக் கேட்டவர் ஒருவர் கிடையாது. அன்றைக்கு எல்லோர் வாயிலும் அதே பேச்சு.

சார்க் சாசனத்தில் ஒரு விதி: இருதரப்புச் சிக்கலை, சர்ச்சையானதை மேசையில் வைக்கக் கூடாது. ஆனால் அதே நாட்களில் பிரபாகரனை விமானத்தில் பெங்களூருவுக்குக் கொண்டுவந்தார்கள். எம்.ஜி.ஆரும் அங்கே. மாநாட்டு மேடையில் வறுமை ஒழிப்பு, ஒத்துழைப்பு என்று பேச்சு. ஊருக்குள் வேறு இடத்தில் உண்மையான பேச்சு. அது ஒட்டவில்லை என்பது வேறு கதை. அடுத்த வருஷம் ஜூலையில் ராஜீவ்–ஜெயவர்த்தனா ஒப்பந்தம் வந்தது.

நான் சொல்ல வருவது: மேசையில் என்ன இருந்தது என்று மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. யார் யார் அந்த ஊரில் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

மலைக்காரன் | மாலை 7:00

மேட்டூர் ஐயா சொல்வது எங்களுக்குப் புதிது இல்லை. சேலநாடு, முட்டநாடு, மொகநாடு என்று எங்கள் சேர்வராயன் மலையில் மூன்று நாடு. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எல்லா நாட்டுக்காரர்களும் மேலே வந்துவிடுவார்கள். குகைக்குள் குனிந்து போய்ச் சாமியைக் கும்பிட எவ்வளவு நேரம் ஆகும்? மிச்ச நேரமெல்லாம் வெளியே புல்வெளியில்தான். பெண் கேட்பது, பழைய கடன், மாடு காட்டுக்குள் போன தகராறு, எல்லாம் அங்கேதான் பேசி முடியும். "கோயிலுக்கு வருவே இல்ல, அப்ப பேசிக்கலாம்" என்று வருஷம் முழுக்கச் சண்டையை ஆறப்போடுவார்கள். திருவிழா நின்றால் சாமிக்கு ஒன்றும் ஆகாது, எங்களுக்குத்தான் கஷ்டம்.

குகை வாத்தியார் | இரவு 9:20

மலைக்காரர் சொன்னதற்கு நல்ல உதாரணம் 2002 ஜனவரி, காத்மாண்டு. நாடாளுமன்றத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, எல்லையில் படை நிற்கிறது. மேடையில் பேசி முடித்த முஷாரஃப் நேரே வாஜ்பாயிடம் நடந்து போய்க் கையை நீட்டினார். அவர்கள் இருவரும் அந்த வாரம் தனியாக ஒரு சந்திப்புக்கு நாள் குறித்திருக்க முடியுமா? முடியவே முடியாது. வழக்கமான கூட்டம் என்பதால் இருவரும் வந்திருந்தார்கள். வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, அதுதான் வழக்கத்தின் வசதி. படை உடனே திரும்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன், ஓமலூர்க்காரர் கேட்பதற்கு முன்னால்.

சார்க்கின் கோளாறு, எல்லா முடிவும் ஒருமனதாக எடுக்க வேண்டும் என்ற விதி. ஒருவர் வரவில்லை என்றால் பந்தலே இல்லை. ஆசியானும் ஒருமித்த கருத்தில்தான் நடக்கிறது, ஆனால் ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும் கூட்டம் நடக்கும். 2021 அக்டோபரிலிருந்து மியான்மர் ராணுவத் தலைவரை அவர்கள் மாநாட்டுக்குக் கூப்பிடுவதில்லை, அரசியல் சாராத ஒருவரை அனுப்பு என்கிறார்கள். 2026-ல் தலைமை முறை மியான்மருக்கு வர வேண்டியது, அதைத் தாண்டிப் பிலிப்பைன்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். இதனால் மியான்மரில் சண்டை ஓயவில்லை, உண்மை. ஆனால் மற்ற பத்துப் பேரின் வேலை நிற்கவில்லை.

தாரமங்கலத்தாள் | 28 அக்டோபர், காலை 10:10

போகாமல் இருப்பதும் ஒரு பேச்சுதான் என்பதை மறந்துவிட வேண்டாம். 2013-ல் நான் கல்லூரி இரண்டாம் வருஷம். மார்ச் மாதம் ஈழத் தமிழருக்காகத் தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தோம், எங்கள் வகுப்பில் பாதிப்பேர் பந்தலில். நவம்பரில் கொழும்பில் காமன்வெல்த் மாநாடு. இந்தியா கலந்துகொள்ளக் கூடாது என்று அக்டோபர் 24-ல் சட்டமன்றத்திலேயே தீர்மானம். கடைசியில் மன்மோகன் சிங் போகவில்லை, வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித்தை அனுப்பினார். கனடாப் பிரதமர் ஹார்ப்பர் போகவில்லை. மொரீஷியஸ் பிரதமர் போகவில்லை, 2015 மாநாட்டை நடத்துகிற வாய்ப்பையும் விட்டுக்கொடுத்தார். அது பிறகு மால்டாவுக்குப் போனது.

அன்றைக்கு எங்களுக்கு அது வெற்றி. இப்போதும் தவறு என்று நினைக்கவில்லை.

மேட்டூரான் | காலை 10:45

தங்கச்சி, உங்கள் உணர்வை மதிக்கிறேன். நானும் அன்றைக்கு அதே பக்கம்தான். ஆனால் அந்த வாரம் யாழ்ப்பாணத்துக்குள் கால் வைத்தவர் யார்? போகாதவர்கள் இல்லை. பிரிட்டன் பிரதமர் டேவிட் கேமரூன் கொழும்புக்குப் போனார், அங்கிருந்து வடக்கே போனார், நூலகத்துக்கும் முகாமுக்கும் பத்திரிகை அலுவலகத்துக்கும் போனார். காணாமல் போனவர்களின் படங்களைத் தூக்கிக்கொண்டு நின்ற தாய்மார்கள் உலக டிவியில் வந்தது அவர் காரின் பின்னால் கேமரா போனதால். மார்ச்சுக்குள் போர்க்குற்ற விசாரணை இல்லை என்றால் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் பன்னாட்டு விசாரணை கேட்போம் என்றார். 2014 மார்ச்சில் அந்தத் தீர்மானம் நிறைவேறியது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது.

தாரமங்கலத்தாள் | காலை 11:30

அண்ணா, ஒத்துக்கொள்கிறேன், பாதி. மூன்று பேர் போகாததால்தான் போனவர் மேல் அவ்வளவு வெளிச்சம் விழுந்தது. எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு போயிருந்தால் கேமரூனும் ஓட்டலோடு திரும்பியிருப்பார். அதோடு, போகாதவர்கள் கண்டித்த நாடுதான் அடுத்த இரண்டு வருஷம் காமன்வெல்த்தின் தலைமையில் உட்கார்ந்தது. மாநாட்டை நடத்துகிறவருக்கே தலைமை என்ற முறை இருக்கிறவரை அந்தச் சங்கத்தைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை வராது.

மேட்டூரான் | காலை 11:52

இதில் நாம் இருவரும் ஒத்துப்போக மாட்டோம். விடுங்கள். மழை அங்கே எப்படி?

தாரமங்கலத்தாள் | மதியம் 12:05

கைலாசநாதர் கோயில் வாசலில் கணுக்கால் தண்ணீர் அண்ணா.

சார்க் பற்றி இன்னொன்று, நல்லதாக. டெல்லியில் தெற்காசியப் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அது 2005 டாக்கா மாநாட்டில் மன்மோகன் சிங் சொன்ன யோசனை, 2007 டெல்லி மாநாட்டில் கையெழுத்து, 2010-ல் வகுப்பு. என் பெரியம்மா மகள் அங்கே எம்.ஏ. படித்தாள். அறைத்தோழி நேபாளி, பக்கத்து அறையில் ஆப்கன் பெண், எதிரே இரண்டு பேர் வங்கதேசம். நம் ஊர் ஜவ்வரிசி வடகத்தை அந்த ஆப்கன் பெண்ணுக்குப் பழக்கிவிட்டாள். மாநாடு செத்துப் போனாலும் அது பெற்ற பிள்ளைகள் சில உயிரோடு இருக்கின்றன.

லீபஜார் தராசு | மாலை 4:40

தேதி குறித்தால் "முடியாது" என்ற பதிலும் தெளிவாக வரும், அதையும் சொல்ல வேண்டும். 2019 நவம்பர் 4, பாங்காக். ஆசியான் கூட்டத்தை ஒட்டி ஆர்செப் என்ற பெரிய வணிக ஒப்பந்தத்தின் மாநாடு. ஏழு வருஷப் பேச்சு. அன்றைக்குப் பிரதமர், இந்தியா சேரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். நியூசிலாந்து பால் பவுடர் வந்துவிடும் என்று பயந்த நம் பக்கத்துப் பால்காரர்கள் மூச்சு விட்டார்கள். சேர்ந்திருக்க வேண்டும் என்று சொன்ன ஏற்றுமதியாளர்களும் உண்டு, அவர்கள் நியாயமும் எனக்குத் தெரியும். மாநாடு என்று ஒரு நாள் இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

ஓமலூரான் | 11 நவம்பர், காலை 9:00

இரண்டு வாரமாகச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். இப்போது பேசலாமா?

அக்டோபர் 26-ல் மிளகுக்கொடி டிவியில் பார்த்தாரே, அதே நாள் அதே ஊரில் தாய்லாந்தும் கம்போடியாவும் அமைதிப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டன. டிரம்பும் மலேசியப் பிரதமர் அன்வர் இப்ராஹிமும் பக்கத்தில் நின்றார்கள். நேற்று எல்லையில் கண்ணிவெடியில் தாய்லாந்து வீரர்கள் காயம். உடன்பாட்டை நிறுத்தி வைக்கிறோம் என்று தாய்லாந்து சொல்லிவிட்டது. பதினைந்தே நாள்! தீபாவளி, கொலுசு, சேர்வராயன் கோயில் என்று எல்லோரும் அழகாகச் சொன்னீர்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

குகை வாத்தியார் | காலை 9:50

சரியான அடி. பதில் இருக்கிறதா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஜூலை 24-ல் அந்தச் சண்டை ஆரம்பித்தது. 28-ம் தேதி மலேசியாவில் இரு தலைவர்களும் உட்கார்ந்து நிறுத்தினார்கள். ஐந்து நாள். மலேசியா இந்த வருஷம் ஆசியானின் தலைமை என்பதால்தான் அன்வர் கூப்பிட்டார், அவர்களும் வந்தார்கள். வரியை வைத்து டிரம்ப் மிரட்டியதும் காரணம், மறைக்கவில்லை. அக்டோபர் கையெழுத்து, மாநாட்டுத் தேதிக்காக அவசரமாகப் போட்டது. அவசரத்துக்குப் போட்ட தையல் பிரியத்தான் செய்யும். தேதி வேலையை முடிக்க வைக்கும் என்று நான் சொன்னேன், நன்றாக முடிக்க வைக்கும் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கொலுசு | காலை 10:15

தீபாவளிக்கு அவசரமாகக் கொடுத்த கொலுசில் நான்கு ஜோடி திருகு கழன்று திரும்பி வந்திருக்கிறது. இப்போதுதான் பற்றவைக்கக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஓமலூரான் | காலை 10:18

அக்கா, நீங்கள் யார் பக்கம்?

லீபஜார் தராசு | மதியம் 12:30

மிளகுக்கொடி அண்ணா, வேலைக்கு ஆகிற ஒரு விஷயம். சார்க் கதவு மூடியிருக்கிறது, ஆனால் ஆசியான் சரக்கு ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்கிற பேச்சு சில வருஷமாகச் சுற்றுச் சுற்றாக நடந்துகொண்டிருக்கிறது. ஆரிஜின் சர்டிபிகேட் விதிகளும் அதில் பேச்சுக்கு வருகின்றன. இது உங்களுக்குப் பயன்படும். ஆளாளுக்குப் புலம்பாமல், தோட்டக்காரர்கள் சேர்ந்து மத்திய வணிக அமைச்சகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். விலை விழுந்தது என்று மட்டும் எழுதினால் படிக்க மாட்டார்கள். சுங்கத்தில் மிளகின் எண் 0904. அதைப் போடுங்கள், எந்த வருஷம் என்ன விலைக்கு விற்றீர்கள் என்று மண்டிச் சீட்டின் நகலை வையுங்கள். ஷெர்பாவின் மூட்டைக்குள் போகிற காகிதம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நாகலூர் மிளகுக்கொடி | மாலை 5:40

2015-லிருந்து எல்லாச் சீட்டும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இரண்டு சீட்டைக் கரையான் தின்றிருக்கிறது, மற்றவை படிக்கிற மாதிரி இருக்கின்றன.

எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் ஒரு இருபது பேர் கூட வேண்டும் என்று ஆகஸ்டிலிருந்து பேசுகிறோம். முதலில் ஒருவர் வீட்டில் கல்யாணம், அப்புறம் மழை, அப்புறம் "காப்பிப் பழம் எடுத்த பிறகு பார்க்கலாம்". இன்றைக்கு நானே தேதி போட்டுவிட்டேன்: வரும் ஞாயிறு, 16-ம் தேதி, காலை 10 மணி, எங்கள் களத்தில். மழை பெய்தால் காப்பிக் கிடங்குக்குள். வாத்தியார் ஐயா வந்து மனுவை எழுதித் தர முடியுமா? பஸ் காலை 7 மணிக்கு இருக்கிறது.

குகை வாத்தியார் | மாலை 6:02

வருகிறேன். வளைவில் எனக்குத் தலை சுற்றும், முன் சீட் பிடித்துக்கொள்கிறேன்.

ஓமலூரான் | மாலை 6:10

நானும் வருகிறேன். கையைக் குறுக்கே போட்டு நிற்க ஒரு ஆள் குறையக் கூடாது இல்லையா? சாப்பாடு உண்டா?

நாகலூர் மிளகுக்கொடி | மாலை 6:25

உண்டு. மிளகு ரசம்.